யார் கேட்ட கேள்விக்குப் பதில்?

(வைகை அணையில் தங்கிக் களப்பயிற்சி பெற்ற முதுநிலை மாணவர்களிடையே, நலவாழ்வுத் தொடர்பியல் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வந்த அன்றைக்கே நீங்கள் எல்லோரும் மதகுப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்திருப்பீர்கள். 1959 ஜனவரியில் காமராஜர் காலத்தில் திறந்த அணை இது. முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. அதன் பிறகு உபரி நீரைத் திறப்பார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களுக்கும் தகவல் போய்விடும். ஆற்றில் இறங்காதே, துணி துவைக்கப் போகாதே, ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்டு. அவ்வளவுதான் செய்தி.

இந்தச் செய்தியில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இங்கே உரையாடல் எதற்கு? சொல்பவருக்குத் தெரிந்த விஷயம் கேட்பவருக்குத் தெரியாது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் செய்யப் பணம் வேண்டாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். இப்படி எல்லாம் கூடி வந்த இடத்தில் ஒரு மைக் போதும். நம் துறை செய்த கோளாறு என்னவென்றால், காசநோய்க்கும் கண்புரைக்கும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இதே 69 அடி எச்சரிக்கையைக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான். ஆண்டில் ஒரு நாள், அந்த நோய்க்கென்று குறித்த தினம். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஒரு பேரணி, கொடியசைக்க ஒரு அதிகாரி, ஒரு கையெழுத்து இயக்கம், முடிந்தால் கோலப்போட்டி. மறுநாள் நாளிதழில் படம். அந்தப் பேரணியைப் பார்த்துக்கொண்டு நின்ற டீக்கடைக்காரருக்கு ஏதாவது கேட்கத் தோன்றியதா, தோன்றியிருந்தால் யாரிடம் கேட்டிருப்பார் என்று எந்த அறிக்கையிலும் ஒரு வரி இருக்காது.

முதுநிலைப் படிப்பு என்று வரும்போது அந்த ஒரு வரியைத் தேடுவதுதான் வேலை என்பது என் கட்சி. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நலவாழ்வுத் தொடர்பியல் என்ற இந்தப் படிப்புக்கு வெளிநாட்டில் ஏகப்பட்ட பெயர்கள், தனித் துறைகள், இதழ்கள். நம் பக்கம் இது இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளையாக வளர்ந்தது. மருத்துவத் துறை இதைத் துண்டுப் பிரசுரம் அடிக்கும் வேலை என்று நினைத்தது. இதழியல் துறை இதை அரசாங்க விளம்பரம் என்று ஒதுக்கியது. ஆனாலும் நமக்கு ஒரு மரபு உண்டு, அதுவும் பக்கத்திலேயே. இங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் காந்திகிராமம். டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய இடம். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்த சௌந்தரம், கிராமத்துக்கு வந்து பிரசவம் பார்த்தார். அங்கே 1964இல் ஊரக நலவாழ்வுக்கென்று ஒரு நிறுவனம் உருவாயிற்று. ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் குடும்ப நலப் பணியை எப்படிச் செய்தால் ஏற்பார்கள் என்று சோதித்துப் பார்த்தவர்கள் அவர்கள். நலவாழ்வுக் கல்வியில் முதுநிலைப் பட்டயப் படிப்பு அங்கே நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றிய எத்தனையோ நலவாழ்வுக் கல்வியாளர்கள் அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர்கள். இதே துறையில் படித்துக்கொண்டு காந்திகிராமத்தைப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மரபு பக்கத்தில் என்றால், சிந்தனைக்குத் தொலைவிலிருந்தும் ஒரு துணை உண்டு. 1960களின் இறுதியில், பிரேசிலிலிருந்து வெளியேறி சிலியில் இருந்த கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே ஒரு சிறு நூல் எழுதினார். வேளாண்மை அதிகாரி விவசாயியிடம் போகிறாரே, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் அதன் கேள்வி. அதிகாரி தன் தலையில் இருப்பதை எடுத்து விவசாயியின் தலையில் இறக்கிவைக்கிறார் என்றால் அது கல்வி ஆகாது, இருவரும் ஒரு பொருளைச் சேர்ந்து அறியப் புறப்பட்டால்தான் கல்வி என்றார். இந்த வைகை அணையிலேயே ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விவசாயி அங்கே வந்து நின்று என்ன கேட்கிறார், என்ன பதில் கிடைக்கிறது என்று ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். ஃப்ரெய்ரேயைப் புரிந்துகொள்ள அது நல்ல குறுக்குவழி.

‘மக்களுக்குத் தெரியவில்லை’ என்று நம் துறை திரும்பத் திரும்பச் சொல்லும். அது எவ்வளவு தூரம் சரி என்று கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்தில் 1960களின் தொடக்கத்திலேயே பார்த்தார்கள். பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் செய்த ஆய்வு. 1963இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. சளியில் கிருமி இருப்பது உறுதியானவர்களை வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். ஏறத்தாழ எல்லோருக்குமே தமக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. பெரும்பாலானோர் அதை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே மருத்துவரையோ ஆஸ்பத்திரியையோ பார்த்துவிட்டும் வந்திருந்தார்கள். கையில் கிடைத்தது இருமல் மருந்து பாட்டில்.

ஆக, அந்த நோயாளி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், ‘இருமுது’ என்று. அந்தச் சொல்லைக் கேட்டவர்தான் அதற்குரிய பதிலைத் தரவில்லை. இந்த ஆய்வின் பெருமை அது அச்சானதில் இல்லை. நோயாளி தானாக எங்கே வருகிறாரோ, அந்தச் சாதாரண ஆஸ்பத்திரியிலேயே சளிப் பரிசோதனை வேண்டும் என்று 1962இல் தேசியக் காசநோய்த் திட்டத்தின் அமைப்பை வகுத்தபோது, அச்சுக்கு வரும் முன்பே இந்தக் கண்டுபிடிப்பு உள்ளே போயிற்று. மக்கள் பேசினார்கள், அதனால் நம் பக்கத்தில் ஒன்று மாறியது. உரையாடல் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் இது ஒன்றுதான். பேசி முடித்த பிறகு மக்கள் மட்டும் மாற வேண்டும், நம் பக்கத்து நேரம், மாத்திரை, படிவம், பேருந்து, எதுவும் இம்மியும் மாறாது என்றால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அது அறிவிப்புத்தான்.

இந்தத் தேனி மாவட்டத்துக்குள்ளேயே வருகிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985இல் தேனிக்குக் கிளை வந்தது. இலவச முகாம் போட்டால் கூட்டம் வரும் என்றுதான் எவரும் நினைப்போம். ஆனால் லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர்கள் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சொன்னது, கிராமங்களில் கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதம்தான் என்று. தம் முகாமைப் பற்றித் தாமே இப்படி ஓர் எண்ணை அச்சில் ஏற்ற ஒரு நிறுவனத்துக்கு நெஞ்சுரம் வேண்டும்.

மீதிப் பேர் ஏன் வரவில்லை? போஸ்டர் பார்க்காததாலா? அதற்கு முன்பே, 1991இல், கிரிஜா பிரில்லியன்ட் முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரவிந்தின் ஆர்.டி. துளசிராஜும் அதில் உண்டு. 90 கிராமங்களில், கண்புரை அறுவைக்கு ஆட்களை வரவைக்க எட்டு விதமான வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அறுவை இலவசம் என்பதோடு நிற்காமல் போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டபோது அதிகம் பேர் வந்தார்கள். ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியதும் கைகொடுத்தது.

அந்த மனிதரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே பேசுகிறார். ஒரு பாட்டி கேட்கிறாள்: “கண்ணைக் கட்டி எத்தன நாளு வச்சிருப்பாக? அடுப்புப் புகையில நிக்கலாமா? புல்லறுக்க எப்பப் போகலாம்? மகன் ஒண்ணும் சொல்ல மாட்டானா?” இந்தக் கேள்வி எதுவும் கண்புரை என்றால் என்ன என்பதைப் பற்றியதில்லை. நாம் அச்சடித்த துண்டுப் பிரசுரமோ கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தைப் போட்டு, லென்சு எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி காட்டியிருக்கும். படித்த மனிதன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் துடிக்கிறான். திண்ணையில் இருப்பவருக்கு அந்தத் துடிப்பு இல்லை. “எனக்குக் கட்டு அவுத்ததும் முதல்ல எம் பேத்தி மூஞ்சியத்தான் பாத்தேன், நீயி வேணும்னா எங் கண்ணப் பாரு” என்று இமையை விரித்துக் காட்டுவார். வேறென்ன ஆதாரம் வேண்டும்?

2000களின் நடுவில் இதே தேனியில் இன்னொன்று நடந்தது. தேனி அரவிந்த் மருத்துவமனையிலிருந்து சுற்றுவட்டாரத்து ஊர்களில் இருந்த சிறு கண் பரிசோதனை மையங்களுக்கு நெடுந்தொலைவு வைஃபை இணைப்புப் போட்டார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்து தந்தார்கள். மேடைகளில் எப்போதும் அந்த வைஃபையைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு ஆர்வம் அந்தச் சிறு அறையில். பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருத்தி, பயிற்சி பெற்ற பணியாளர், நோயாளியின் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்கிறாள், கண்ணைப் பார்க்கிறாள், எழுதுகிறாள். பிறகு திரையில் தேனி டாக்டர் வருகிறார். டாக்டர் பேசுகிறார், பெரியவர் தலையாட்டுகிறார். திரை அணைந்ததும் பெரியவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “என்னத்தா சொன்னாரு?” என்பார். தொடர்பியல் மாணவருக்கு வேலை தொடங்குவது அங்கேதான். டாக்டரின் வாக்கியம் அந்தப் பெண்ணின் வாயில் எப்படி மாறுகிறது, எதை விடுகிறாள், எதைச் சேர்க்கிறாள், எங்கே குரலைத் தாழ்த்துகிறாள் என்று கவனித்து எழுதினால் ஒரு முனைவர் பட்டத்துக்கே போதுமான சரக்கு.

இதே மாவட்டத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி 2004இல் வந்தது. 2019இல் இந்திய மருத்துவக் கழகத்தின் புதிய பாடத்திட்டம் வந்தபோது எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மனப்பான்மை, அறநெறி, தொடர்பாடல் மூன்றையும் சேர்த்து ஒரு கட்டாயப் பகுதி வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் நேரம் எங்கே? 2017இல் வந்த ஓர் உலகளாவிய ஒப்பீடு, முதல்நிலை மருத்துவரைப் பார்க்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் சுமார் 2 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி என்று கணக்குச் சொன்னது. நேரம் தாராளமாக உள்ள அமெரிக்காவிலேயே 1984இல் பெக்மனும் ஃபிராங்கலும் ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். ஆகவே நேரப் பஞ்சம் மட்டும் காரணமில்லை. இரண்டு நிமிடத்துக்குள்ளேயே, “நான் சொன்னதை ஒருதரம் சொல்லுங்க பார்ப்போம்” என்று நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைக்கலாம். இதைச் செய்யும் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். யார் செய்கிறார்கள், எப்போது விட்டுவிடுகிறார்கள் என்பது ஆராய வேண்டியது.

ஆஸ்பத்திரியை விட்டுத் தெருவுக்கு வருவோம். புள்ளிராஜாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடெங்கும் தட்டிகளில், புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற ஒரு கேள்வி. டீக்கடையிலும் பேருந்திலும் பேசாதவர் இல்லை. ஒரு கேள்வியாகவே செய்தியை அமைத்ததில் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஆனால் ராஜா என்று பெயர் வைத்தவர்கள் பாடு திண்டாட்டம். பேச்சு கேலியாகவே முடிந்த இடங்களும் உண்டு. ஊரே பேசுவது வேறு, ஒருவர் தன் சந்தேகத்தைக் கேட்க ஓர் இடம் கிடைப்பது வேறு. எச்.ஐ.வி. பாதிப்பு அதிகம் என்று ஒரு காலத்தில் பட்டியலிடப்பட்ட மாவட்டம் தேனி. இங்கே அந்த இரண்டாவது வேலையைத் தட்டி செய்யவில்லை. ஆண்டிபட்டி ஆரோக்கிய அகம் போன்ற தொண்டு நிறுவனங்களும், நம்பிக்கை மைய ஆலோசகர்களும், நோயோடு வாழ்ந்தவர்களும் செய்தார்கள்.

பெண் சிசுக்கொலை பற்றி இந்தப் பகுதியில் பேசுவது கொஞ்சம் கூச்சமான காரியம். உசிலம்பட்டியின் பெயரை 1980களில் நாடெங்கும் கெடுத்தாயிற்று. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. பிறகு தேனிக்கும் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அவர்களோடு பேசியவர்கள் குறைவு. 1997 முதல் 1999 வரை தருமபுரி மாவட்டத்தில் ஒரு மாறுதலான முயற்சி நடந்தது. கலைப்பயணம் என்று பெயர். வழக்கையும் போலீசையும் மட்டும் நம்பாமல், உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்துத் தெருநாடகத்தோடு ஊர் ஊராக அனுப்பினார்கள். அதைப் பற்றி வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் எழுதிய கட்டுரை பெண் சிசு இறப்பு குறைந்ததைப் பதிவு செய்கிறது. நீங்கள் அதைத் தேடிப் படியுங்கள். படிக்கும்போது நாடகத்தின் வசனத்தை விட, நாடகம் முடிந்து கூட்டம் கலையாமல் நின்றதே, அந்த அரைமணி நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசியுங்கள். வரதட்சணை, நிலம், மாமியார், மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டின் கதி, எல்லாம் அப்போதுதான் வெளியே வந்திருக்கும்.

இனி, இதே மாவட்டத்துப் பொட்டிப்புரம். போடி மலையின் அடிவாரம். மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி வைத்து நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய்வது திட்டம். நீலகிரியில் சிங்காரா வேண்டாம் என்றான பிறகு இந்த இடத்துக்கு வந்தார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். பிறகு நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், போராட்டம். 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டம் வேண்டாம் என்றது. யார் சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பேச்சு நடந்த விதத்தைப் பாருங்கள். கதிர்வீச்சு வருமா, புற்றுநோய் வருமா என்று அச்சம். நியூட்ரினோ ஒவ்வொரு விநாடியும் கோடிக்கணக்கில் நம் உடம்பை ஊடுருவிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றார்கள் விஞ்ஞானிகள். இயற்பியல்படி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஊர்க்காரர் கேட்டதில் வேறு கேள்விகளும் இருந்தன: வெடி வைத்தால் மலை என்ன ஆகும், தண்ணீர் எவ்வளவு எடுப்பீர்கள், ஆடு மேய்க்கும் பாதை இருக்குமா, நாங்கள் வேண்டாம் என்றால் போய்விடுவீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் அந்த விஞ்ஞானிகளிடம் இல்லை. முடிவு எடுத்த பிறகு விளக்க வந்தவர்களை யார் அனுப்பினாலும், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், சந்தேகம் கூடவே செய்யும். இடத்தைத் தேர்வதற்கு முன்னால் இதே ஊரில் இதே கேள்விகளைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களில் ஒருவருக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு.

ஆய்வு என்றதும் நீங்கள் எடுப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று மூன்று பகுதி போட்ட வினாத்தாள், 200 பேர், சதவீத அட்டவணை, “மக்களிடம் விழிப்புணர்வு போதாது, அதை அதிகரிக்க வேண்டும்” என்ற பரிந்துரை. அந்தப் பரிந்துரையை எழுதக் களத்துக்கே போக வேண்டியதில்லை. நாம் சொன்னதில் எத்தனை சதவீதம் அவர்கள் தலையில் நிற்கிறது என்றுதான் அது அளக்கிறது. அவர்கள் சொன்னதில் எத்தனை சதவீதம் நம் தலையில் ஏறியது என்று அளக்க அதில் ஒரு கட்டமும் இல்லை.

அதை அளப்பது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் கிளம்பும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கவும் களை எடுக்கவும் போகும் பெண்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறி இடுக்கிப் பக்கம் வேலை பார்த்துவிட்டு மாலையில் இறங்குவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் வீடு தேடிப் போய் பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அருமையான ஏற்பாடு. ஆனால் பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? சரி, ஞாயிற்றுக்கிழமை பார்த்தாயிற்று, மாத்திரையும் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் பிரியும் வகை மாத்திரை. அந்த அம்மா தன்னார்வலரிடம், “ஏம்மா, இதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. ஜீப்புல பத்துப் பதினஞ்சு பேரோட நெருக்கி உக்காந்து போறோம். எங்க நிப்பாட்டச் சொல்றது? தோட்டத்துலதான் எங்க ஒதுங்குறது?” என்று கேட்டால்?

“மாத்திரையை நிறுத்தக் கூடாதும்மா” என்பது பயிற்சியில் கொடுத்த பதில். அந்த அம்மாவும் சரி என்பார். மாத்திரை அலமாரியில் இருக்கும். அட்டையில் வாங்கியதாகக் குறிப்பு இருக்கும். கேள்விக்குரிய பதில் டாக்டரிடம் இருக்கிறது: வேறு மாத்திரைக்கு மாற்றலாமா, வேறு நேரத்துக்குத் தள்ளலாமா என்று அவர்தான் பார்க்க வேண்டும். தோட்டத்தில் கழிப்பிடம் என்பதற்கோ முதலாளியும் தொழிலாளர் துறையும் வர வேண்டும், அதுவும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். அந்தக் கேள்வி தன்னார்வலரிடமிருந்து டாக்டர் வரை ஏறுகிறதா, எந்தப் படியில் நின்றுவிடுகிறது, எழுதிவைக்க ஒரு பதிவேடு இருக்கிறதா? இதைத் துரத்திக்கொண்டு போங்கள். ஒரே ஒரு கேள்வியை வீட்டு வாசலிலிருந்து மாவட்டத் தலைநகர் வரை பின்தொடர்ந்து எழுதினாலும் அது முதுநிலை ஆய்வேடுதான். வழிகாட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் சண்டை போடுகிறேன்.

நடைமுறையில் சில சங்கதிகள். பதிவு செய்யும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பேசுகிறவரின் சம்மதமும் வேண்டும். சம்மதத் தாளைப் படித்துக் காட்டி விரல் ரேகை வாங்குவது சம்மதம் ஆகிவிடாது. எதற்கு இந்தப் பதிவு, யார் கேட்பார்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம் என்று அவர் மொழியில் சொல்லுங்கள். எழுதும்போது ஊர்ப் பேச்சை எழுத்துத் தமிழாக்கித் திருத்தாதீர்கள். “மேலு வலிக்குது” என்று சொன்னதை “உடல்வலி” என்று மாற்றினீர்களானால் தரவு போயிற்று. பேசாமல் இருந்த இடத்தையும் குறியுங்கள். கூட வந்த மகனோ மருமகளோ குறுக்கே புகுந்து பதில் சொன்னால் யார் சொன்னது என்று தனியாக எழுதுங்கள்.

நாளைக் காலை நீங்கள் வெளிநோயாளிகள் வரிசையில் காத்திருப்பவர்களோடு உட்காரப் போகிறீர்கள். வினாத்தாள் எடுத்துப் போகாதீர்கள். டாக்டரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று உள்ளே போகும் முன் ஒரு கேள்வி. வெளியே வந்ததும், அதைக் கேட்டீர்களா என்று இன்னொரு கேள்வி. கேட்கவில்லை என்றால் ஏன் என்று அவராகச் சொன்னால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு இதே அறையில் அவற்றை வாசிப்போம். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பின்வரிசையில் அந்தத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், முதலில் அவர் கேட்கட்டும்.